கீரையும் வடித்த நீரும்

அரைக்கீரையும் சிறுகீரையும் முருங்கைக்கீரையும் ஏழை, தனவந்தர் என்ற பேதமின்றி யாவருக்கும் எட்டும் விலையில் தெருவுக்கே வந்து சேரும் நம் நாட்டில், அவற்றைப் பொடியாக நறுக்கிய பின்பு கழுவி, நிறையத் தண்ணீரில் நெடுநேரம் வேகவைத்து, அந்த நீரையும் வடித்துக் கொட்டிவிட்டு, எஞ்சிய சக்கையைப் பரிமாறும் வழக்கம் பல இல்லங்களில் இன்னும் நிலவுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. வைட்டமின் சி, ஃபோலிக் அமிலம் ஆகிய சத்துக்கள் நீரில் கரைபவை, உஷ்ணத்தில் நசிப்பவை. பச்சை நிறம் மங்காதிருக்கச் சேர்க்கும் சமையல் சோடாவோ மிஞ்சிய வைட்டமினையும் அபகரித்துவிடுகிறது.

செய்யவேண்டியது சொற்பமே. கீரையை மண் போக முழுதாக அலசி, பிறகே நறுக்கி, சிறிதளவு நீரில் சில நிமிஷங்கள் மட்டும் வேகவிட்டு, உப்பும் இரண்டு பல் பூண்டும் சேர்த்து மத்தால் கடைந்து, கொஞ்சம் நல்லெண்ணெயில் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்துக் கொட்டினால் போதும். அந்த எண்ணெய் ருசிக்காக மாத்திரமன்று; கீரையிலுள்ள கரோட்டினைத் தேகம் நன்கு கிரகித்து, கண்பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்வதற்குக் கொழுப்பின் சகாயம் அவசியம். உண்ணும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் இரும்புச் சத்தும் கூடுதலாகச் சேரும். சிறுநீரகக் கல் உபாதையுள்ளவர்கள் ஆக்ஸலேட் மிகுந்த பாலக் கீரையை வேகவைத்து நீரை வடிப்பது நியாயமே. மற்றவர்கள், தயவுசெய்து, அந்த நீரைப் பருப்பிலோ ரசத்திலோ சேர்த்துவிடுங்கள்.