மூன்று நீதிமன்றங்கள், ஒரே ஒரு தாள்

ஜனவரி 9 வந்தால், சவூதியில் மரண தண்டனைக்குள்ளான இலங்கைப் பணிப்பெண் ரிஸானா நபீக்கை நினைவுகூர நாலு பேர் எழுதுகிறார்கள். அவர்களுக்கு மறுப்பெழுத நாற்பது பேர் கிளம்புகிறார்கள். மறுப்பில் ஆண்டுக்காண்டு மாற்றம் ஏதும் இல்லை. மூலப்பிரதி ஒன்றே என்பதால் மாறவும் வழியில்லை. 2013இல் சவூதியின் தவாத்மியில் அந்தப் பெண்ணின் தலை வெட்டப்பட்ட சில நாட்களில் சவூதி அரசு ஓர் அறிக்கை விட்டது. குற்றம் நடந்தபோது அவர் சிறுமி அல்ல, கடவுச்சீட்டே சாட்சி. தற்காப்புக்கான உரிமைகள் எல்லாம் அவருக்குத் தரப்பட்டன. இழப்பீட்டை ஏற்கும்படி அரசு முயன்றும் இறந்த குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. வெளியார் தவறான தகவல்களைக் கொண்டு தலையிடுகிறார்கள். அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். நம்மவர்கள் இதைத் தமிழில் பெயர்த்து, மேலே கொஞ்சம் மார்க்கத்தைத் தூவி, தம் சொந்தச் சரக்காகப் பரிமாறுகிறார்கள். சவூதி அதிகாரி எழுதியதிலாவது உத்தியோகக் கடமை இருந்தது. இவர்களுக்கு என்ன வந்தது?

வழக்கின் சங்கதிகளை முதலில் வைத்துக்கொள்வோம். இலங்கையின் மூதூரில் விறகு வெட்டிப் பிழைத்த ஒருவரின் மகள் ரிஸானா. 2005 மே 4ஆம் திகதி சவூதி போய்ச் சேர்ந்தார். ரியாத்துக்கு மேற்கே தள்ளியிருக்கும் தவாத்மியில் ஒரு வீட்டில் பணிப்பெண் வேலை. மே 22ஆம் திகதி அந்த வீட்டின் நான்கு மாதக் குழந்தைக்குப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது குழந்தை இறந்தது. கழுத்தை நெரித்தார் என்றது குற்றச்சாட்டு. பால் புரையேறி மூக்கால் வழிந்தது, தொண்டையைத் தடவிவிட்டேன் என்றார் ரிஸானா. 2007 ஜூன் 16ஆம் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள். அன்று இலங்கைப் பாராளுமன்றம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. அதற்கு முந்தைய ஏழரை ஆண்டுகள் விசாரணையின் பிழைபற்றி அரசு காத்த மௌனத்தோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம் சின்ன மௌனம்தான்.

மறுப்பாளர்களின் முதல் ஆயுதம் வாக்குமூலம். அவரே ஒப்புக்கொண்டாரே, பிறகு என்ன பேச்சு என்கிறார்கள். எந்த மொழியில் ஒப்புக்கொண்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை. ரிஸானாவுக்குத் தெரிந்தது தமிழ். தாள் அரபியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்பாளர் அங்கீகாரம் பெற்றவர் அல்லர் என்றும், தமிழையும் அரபியையும் சரிவரப் பெயர்க்கும் திறன் அவருக்கு இருந்திருக்காது என்றும் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் எழுதியது. மேல்நிலை நீதித்துறை விளக்கம் கேட்டு வழக்கைத் தவாத்மிக்கே திருப்பி அனுப்பிய வேளையில் அந்த மனிதர் நாட்டைவிட்டே போய்விட்டிருந்தார். ஆக, ரிஸானா என்ன சொன்னார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றி, ‘நீ கேட்டது என்ன, சொன்னது என்ன’ என்று விசாரிக்க முடியாமல் போனது. அந்தச் சாட்சி காணாமல் போன பிறகும் அவர் வாய்வழி வந்த தாள் மட்டும் அசையாத ஆதாரமாக நின்றது.

சிறையிலிருந்து 2007 ஜனவரியில் ரிஸானா தமிழில் எழுதிய கடிதம் வெளிவந்திருக்கிறது. அடித்தார்கள், மிரட்டினார்கள், பயத்தில் கையெழுத்திட்டேன் என்ற பொருள்படச் சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்திலும் முந்தைய வாக்குமூலத்தை மறுத்தார். கொலைக் குற்றம் சுமத்தப்பட்டவர்கள் எல்லாம் இப்படித்தான் மறுப்பார்கள் என்று உடனே பதில் வரும். சரி, மறுப்பார்கள். அதனால்தான் உலகெங்கும் வாக்குமூலத்தை வேறு ஆதாரத்தோடு உரசிப் பார்க்கிறார்கள். இங்கே உரசிப் பார்க்க என்ன இருந்தது? புரையேறி இறந்த குழந்தைக்கும் கழுத்து நெரிபட்டு இறந்த குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லக்கூடியது பிரேத பரிசோதனை. அது நடக்கவில்லை என்பதை ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது. சம்பவத்தை நேரில் கண்டவர் இல்லை. அப்படியானால் கொலை என்ற முடிவு முழுக்க முழுக்க அந்த ஒற்றைத் தாளில் தொங்கியது. தாளோ அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்.

அடுத்தது வயது. கடவுச்சீட்டு அரசாங்க ஆவணம், இலங்கை அரசே கொடுத்தது, அதை நம்பியது சவூதியின் குற்றமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம் போலத் தோன்றும். பிறப்புச் சான்றிதழின்படி ரிஸானா பிறந்தது 1988 பிப்ரவரி 4. குழந்தை இறந்த நாளில் அவருக்கு 17 வயதும் மூன்று மாதமும். கடவுச்சீட்டில் முகவர் ஏற்றிவிட்ட பிறந்த திகதி 1982 பிப்ரவரி 2. அதன்படி வயது 23. சவூதி அறிக்கையோ கடவுச்சீட்டின்படி 21 என்றது. எந்த ஆவணத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்களோ அந்த ஆவணத்தைக்கூட ஒழுங்காகக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் தலையை வாங்கிய கணக்கு இது.

பிறப்புச் சான்றிதழையும் வயதுக்கான வேறு ஆதாரங்களையும் 2007 விசாரணையில் முன்வைக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்றும் அம்னெஸ்டி பதிவுசெய்தது. அவருடைய பிறப்புப் பதிவு இலங்கையில் இருந்தது. கேட்டிருந்தால் வந்திருக்கும். போலி ஆவணத்தோடு அவரை அனுப்பிவைத்த முகவர்களைக் கொழும்பில் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டு சிறைக்கு அனுப்பியது. கடவுச்சீட்டைத் தந்த நாட்டிலேயே அது பொய் என்று முடிவாயிற்று. பெற்றுக்கொண்ட நாடு மட்டும் மெய் என்று பிடிவாதம் பிடித்தது. 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று சொல்லும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் சவூதி 1996இலேயே சேர்ந்துவிட்டது. வெளியார் தலையீடு என்று இன்று முகம் சுளிக்கிறவர்களிடம் அந்தச் சமவாயத்தில் யாரும் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை.

மறுப்பாளர்கள் மிகவும் நம்பியிருப்பது படிக்கட்டு வாதம். கீழ் நீதிமன்றம், மேன்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று மூன்று படி ஏறி இறங்கிய வழக்கில் பிழை எப்படி வரும்? அடித்தளத்தில் கல் இல்லாத வீட்டுக்கு மூன்று மாடி எழுப்பினால் உறுதி மூன்று மடங்கு ஆகுமா? கைதான நாளிலிருந்து மரண தண்டனை விதிக்கப்படும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், ரிஸானாவுக்கு வழக்கறிஞர் இல்லை. சாட்சியம் பதியப்படும் கட்டம் முழுவதும் அவர் தனியாள். சட்டத்தரணி வந்தது தீர்ப்புக்குப் பிறகு. அதற்குள் ஆதாரம் எழுதி முடிக்கப்பட்டாயிற்று. மேலே போன நீதிபதிகள் பார்த்தது அதே தாளைத்தான். ஒரே தாளை மூன்று பேர் வாசித்தால் மூன்று ஆதாரம் கிடைத்துவிடாது. கைதானவருக்கு விசாரணைக் கட்டத்திலும் நீதிமன்றத்திலும் வழக்கறிஞரின் துணை உண்டு என்று 2001இல் வந்த சவூதியின் சொந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. ஆகவே ஐயம் எழுப்புகிறவர்கள் லண்டன் சட்டத்தை ரியாத்துக்கு இறக்குமதி செய்யவில்லை. உங்கள் சட்டத்தை நீங்களே ஏன் பின்பற்றவில்லை என்றுதான் கேட்கிறார்கள்.

மன்னிப்பு வாதம் இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது, அதனால் கூடுதல் ஆபத்தானது. கொலைக்குப் பதில் உயிர் கேட்பதா, இழப்பீடு பெறுவதா, மன்னிப்பதா என்பது இறந்தவரின் குடும்பத்தின் உரிமை. அவர்கள் மன்னிக்கவில்லை, அரசு என்ன செய்யும் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரத்தோடு எனக்கு வழக்கில்லை. மன்னிக்க மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் மன்னிப்பு என்ற பேச்சு தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். கொன்றார் என்பது தீர்ந்துபோன பிறகுதானே மன்னிப்பதா இல்லையா என்ற கேள்வி வரும்? தீர வேண்டியதைத் தீர்க்காமலேயே பேச்சை மன்னிப்புக்குத் தாவ விட்டார்கள். ‘அவர் செய்தாரா?’ என்ற கேள்வி, ‘இவர்கள் மன்னிப்பார்களா?’ என்ற கேள்வியாக மாறியது. அரசு கழுவ வேண்டிய கையைத் துயரத்தில் இருந்த ஒரு குடும்பத்தின் மடியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

இதில் இலங்கை அரசுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. வழக்கறிஞர் கட்டணத்தை அரசு கொடுக்கவில்லை. மேன்முறையீட்டுக்கான பணத்தைத் திரட்ட ஹொங்கொங்கிலிருந்து இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழுதான் ஓட வேண்டியிருந்தது. சட்டத்தில் செலவழிக்காத அரசு, கெஞ்சுவதில் தாராளம் காட்டியது. ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச மன்னர் அப்துல்லாவுக்குக் கருணை வேண்டி எழுதினார். குற்றவாளி என்று ஏற்றுக்கொண்டவருக்குத்தான் கருணை கேட்பார்கள். விசாரணையே பிழை என்று ஓர் அரசாக எழுந்து சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் கை கூப்பி நின்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு தூதுவரைத் திருப்பி அழைத்தார்கள். சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போவோரின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கினார்கள். பதினேழை இருபத்து மூன்றாக்கிய முகவருக்கு இருபத்தைந்தாக்குவது பெரிய வேலையா என்ன?

மறுப்பாளர்கள் கடைசியில் ஒளிந்துகொள்ளும் இடம் மார்க்கம். இந்த வழக்கைக் கேள்வி கேட்பது இஸ்லாத்தைக் கேள்வி கேட்பதாம். ரிஸானா யார்? தொழுகை அறிந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அவருடைய உம்மாவும் வாப்பாவும் கையேந்தியது அதே அல்லாஹ்விடம். சந்தேகம் வரும் இடத்தில் தண்டனையைத் தவிர்த்துவிடுங்கள் என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுகளாகக் கற்பித்து வந்த நெறி. தவறி மன்னிப்பது தவறித் தண்டிப்பதைவிட மேல் என்பது அதன் உட்பொருள். சாட்சிக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் கறாரான நிபந்தனைகளை இந்த வாதக்காரர்கள் பேசக் கேட்டதுண்டா? வாளைப் பற்றிய பக்கம் மட்டும் இவர்களுக்கு மனப்பாடம், அதற்கு முந்திய பக்கங்கள் எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. மார்க்கத்தைக் காப்பதாகச் சொல்லி இவர்கள் காப்பது ஒரு நாட்டின் பொலிஸ் நிலையத்தை.

மறுபக்கத்திலும் கள்ளர் உண்டு, சொல்லிவிட வேண்டும். அதே 2013இன் தொடக்க மாதங்களில் இலங்கையின் சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனா ஹலால் எதிர்ப்பைக் கிளப்பிக்கொண்டிருந்தது. முஸ்லிம்கள்மேல் வெறுப்பு வளர்த்தவர்கள் சிலருக்கு மூதூர்ப் பெண் ஒருத்தியின் மரணம் திடீரென்று நெஞ்சைப் பிசைந்தது. அவர்களுடைய கண்ணீரும் நமக்கு வேண்டாம். ஆனால் அவர்கள் அழுதார்கள் என்பதற்காக ரிஸானாவின் விசாரணை நேர்மையானதாகிவிடாது.

இது எப்போதோ நடந்த தனிச்சம்பவம் என்று ஒதுக்கவும் முடியாது. சவூதியில் 2011இலும் 2015இலும் 2018இலும் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண்களின் தலைகள் வெட்டப்பட்டன. மூன்று முறையும் தமக்கு முன்கூட்டி அறிவிக்கவில்லை என்று இந்தோனேசிய அரசு முறையிட்டது. ஆள் மாறுகிறது, நாடு மாறுகிறது, முறை மாறவில்லை. வேலைக்குப் போன வீடே சாட்சி, வேலை கொடுத்தவரே முறைப்பாட்டாளர், மொழி தெரியாதவரே எதிரி. இந்த மூன்றும் கூடும் இடத்தில் ஏழைக்கு எதிராக வரும் எந்தத் தீர்ப்பையும் ஐயத்தோடு பார்ப்பது பொதுப்புத்தி. அதற்கு எந்த நாட்டின்மேலும் பகை வேண்டியதில்லை.

ரிஸானா நிரபராதி என்று என்னால் நிறுவ முடியுமா என்று கேட்பார்கள். நான் ஏன் நிறுவ வேண்டும்? நிறுவும் பொறுப்பு தலையை வாங்கியவர்களுடையது. உடலைப் பரிசோதிக்காமல், வழக்கறிஞரைத் தராமல், மொழிபெயர்ப்பாளரைத் தக்கவைக்காமல், பிறப்புச் சான்றிதழைப் பாராமல் உண்மையை அறியும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, இப்போது ஆதாரம் எங்கே என்று நம்மைக் கேட்பது கொடுமையின் இரண்டாம் பாகம்.

ஆகவே அடுத்த ஜனவரியில் மறுப்பெழுதப் பேனா எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். அறிக்கையை மறுபடி பெயர்க்க வேண்டாம். நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். குழந்தை எதனால் இறந்தது என்று எந்த மருத்துவர் சொன்னார்? ரிஸானா தமிழில் சொன்னதை அரபியில் எழுதியவருக்குத் தமிழ் தெரியும் என்று யார் உறுதிசெய்தார்கள்? தீர்ப்பு நாள்வரை அவர் பக்கத்தில் ஏன் ஒரு வழக்கறிஞர் இல்லை? பிறப்புச் சான்றிதழைப் பார்க்க நீதிமன்றத்துக்கு என்ன தடை இருந்தது? இவற்றில் ஒன்றுக்காவது பதில் வைத்திருப்பவர் வரட்டும், பேசலாம். மற்றவர்கள் செய்துகொண்டிருப்பது நீதிமன்றத்துக்கு எடுபிடி வேலை. அந்த வேலைக்கு உள்ளூர்க்காரரே தாராளமாகக் கிடைப்பதால், அதற்காக எந்த முகவரும் யாரையும் விமானம் ஏற்ற வேண்டியதில்லை.