ஏழாவது இடத்துக்கு எதற்கு ஒப்பாரி?

2020 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் எட்டில் தோற்று ஏழாவது இடத்தில் நின்றது. பிளே-ஆஃப் பார்க்காமல் வீடு திரும்பியது அதுவே முதல் முறை. திண்டிவனம் டீக்கடை முதல் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒரே ஒப்பாரி. கேதார் ஜாதவுக்கு விழுந்த வசவை எழுதினால் பேப்பர் தாங்காது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த சீசனில் ரஞ்சி டிராபி என்ன ஆச்சு? நடக்கவே இல்லை சார்! 1934-ல் தொடங்கிய போட்டி, முதன்முறையாக ரத்து. எட்டு டீமைக் கொரோனாவுக்கு நடுவே அரபு நாட்டுக்குக் கொண்டுபோக முடிந்த வாரியத்துக்கு, உள்ளூரில் ரஞ்சி நடத்த முடியவில்லையாம். ஆடினால்தான் சம்பளம் என்றிருந்த ஆட்டக்காரர்களுக்கு, பாதிச் சம்பளம் இழப்பீடு என்று 2021 செப்டம்பரில்தான் வாய் திறந்தார்கள்.

சையத் முஷ்டாக் அலி கோப்பையை நடத்தினார்கள். 2021 ஜனவரியில் அதைத் தமிழ்நாடுதான் ஜெயித்தது. ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. நாம் பட்டாசு வெடிக்கவில்லையே!

அதே வருஷம் தோனி ஐ.பி.எல். கோப்பையோடு வந்துவிட்டார். நம் துக்கம் தீர்ந்தது. அண்டர்-19 டீமில் இடம் பிடிக்கக் காத்திருந்த விழுப்புரத்துப் பையனுக்குப் போன வயசை யார் திருப்பித் தருவார்கள்? அவனுக்காகவும் கொஞ்சம் அழுங்கள்.