ஆக்கப் பொறுத்த பானை

மாமிசம் உண்ணாத நேயர்கள், இவ்வாரத்து விஷயம் ஆட்டிறைச்சி என்று கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம். நாம் சொல்லப் போவது ஒரு பானையின் கதை. அந்தப் பானையில் ஆட்டின் தோளும் வேகலாம். அவரையும் கிழங்கும் வேகலாம். எது வெந்தாலும் சரி, அதை அடுப்பேற்றியவர் அவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே நம்முடைய கேள்வி.

மேற்படி பானைக்கு ஸ்லோ குக்கர் என்று பெயர். கனத்த பீங்கான் பாத்திரம் ஒன்று, அதைச் சுற்றிலும் இளஞ்சூடு தரும் மின்சாரக் கம்பி, மேலே ஒரு கண்ணாடி மூடி, யந்திரம் இவ்வளவுதான். காலையில் ஓர் ஆட்டுத் தோளை உள்ளே வைத்து மூடினால், மாலையில் கரண்டி பட்ட மாத்திரத்தில் இறைச்சி எலும்பை விட்டுப் பிரிந்து வரும். நம் வீடுகளில் விசில் ஊதி ஊரைக் கூட்டும் பிரஷர் குக்கருக்கு இது நேர் எதிரிடையான ஜாதி. 1679-ஆம் ஆண்டில் டெனி பபேன் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவியை அடைத்து வைத்து எலும்பையும் மிருதுவாக்கினாரே, அந்த வழியில் வந்தது பிரஷர் குக்கர். ஏறக்குறைய 120 டிகிரி உஷ்ணத்தில் அது ஒரு மணி நேரத்திற்குள் செய்து முடிக்கும் காரியத்தை, ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரம் செய்கிறது. அப்படியானால் இந்தத் தாமதத்தினால் என்ன லாபம் என்று நேயர்கள் கேட்பது நியாயமே.

முதலில் சாஸ்திரம் சொல்வதைப் பார்ப்போம். ஆட்டின் தோள், முன்னங்கால், கழுத்து ஆகியவை ஆயுள் முழுதும் உழைத்த பாகங்கள். உழைத்த தசையில் கொலாஜன் என்னும் உறுதியான இணைப்புப் பொருள் மிகுந்திருக்கும். அவசர அடுப்பில் அது ரப்பரைப் போல் இழுபடும். ஆனால் ஈரமும் 70 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமும் பல மணி நேரம் தொடர்ந்து கிடைத்தால், அதே கொலாஜன் இளகி ஜெலட்டின் என்னும் வழுவழுப்பான பொருளாக மாறிவிடும். குழம்புக்குக் கொழுமையும் இறைச்சிக்கு மென்மையும் தருவது அதுதான். இதற்கு மாறாக, முதுகுப் பக்கத்து விலையுயர்ந்த கொழுப்பில்லாத துண்டில் இளகுவதற்குக் கொலாஜன் அதிகமில்லை. நீண்ட நேரச் சூட்டில் அது நீரை இழந்து வறண்டு போகும். ஆகவே இந்தப் பானையில் பணக்காரத் துண்டு தோற்கும். ஏழைத் துண்டு வெல்லும்.

இந்த ரகசியம் தற்செயலாக வெளிப்பட்ட கதை ஒன்று உண்டு. கவுண்ட் ரம்போர்டு என்பவர் 1753-இல் அமெரிக்காவில் பிறந்து, பின்னர் பவேரியா ராஜ்யத்தில் பெரிய உத்தியோகம் வகித்த விஞ்ஞானி. அமெரிக்கர் விடுதலைக்குப் போராடிய காலத்தில் அவர் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். அது குறித்து நமக்கு மனத்தாங்கல் உண்டு. ஆயினும் அடுப்பைப் பற்றி அவரளவு சிந்தித்தவர்கள் அக்காலத்தில் வேறு அநேகர் இல்லை. உருளைக்கிழங்கை உலர்த்துவதற்காகத் தாம் அமைத்த யந்திரத்தின் மெல்லிய சூட்டில் இறைச்சி வேகுமா என்று பார்க்க, ஓர் ஆட்டுத் தோளை அவர் அதில் வைத்தார். மூன்று மணி நேரம் சென்றும் வேகவில்லை. சோதனை தோற்றது என்று கைவிட்டார். சமையற்காரப் பெண்களோ, இறைச்சி அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று இரவு முழுதும் விட்டுவிட்டு உறங்கப் போய்விட்டார்கள். காலையில் திறந்தால் தோள் பதமாக வெந்து, அபாரமான சுவையுடன் இருந்ததாம்! இதை ரம்போர்டே எழுதி வைத்திருக்கிறார். விஞ்ஞானியின் அவசரம் காணாததைப் பணிப்பெண்களின் உறக்கம் கண்டுபிடித்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களும் ஆட்டுத்தொடையை மூடிய பாத்திரத்தில் ஏழு மணி நேரம் வேகவைத்து, கத்தியில்லாமல் கரண்டியாலேயே பரிமாறுவதைப் பெருமையாகக் கருதுகிறார்கள்.

நிற்க. மின்சாரப் பானை பிறந்த கதைக்கு வருவோம். லிதுவேனியா தேசத்தில் வில்னா என்று ஒரு நகரம். இப்போது அந்நாட்டின் தலைநகரான வில்னியஸ் அதுவே. யூதர்களின் கல்விக்கும் பக்திக்கும் பெயர்போன அந்நகரை 'லிதுவேனியாவின் ஜெருசலேம்' என்று அழைத்து வந்தார்கள். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை அஸ்தமனம் முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வு நாள். அன்று நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் விலக்கு. ஆனால் ஓய்வு நாளில் சூடான உணவும் வேண்டுமே! அதற்கு அவர்கள் கண்ட வழி மிகவும் எளிது. அவரை, பார்லி, கிழங்கு, வசதியிருந்தால் சிறிது இறைச்சி ஆகியவற்றைப் பானையிலிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அடுப்பில் தேங்கிய சூட்டிலேயே இரவெல்லாம் அது வேகும். மறுநாள் ஆலயப் பிரார்த்தனை முடிந்ததும் பானையை வீட்டுக்கு எடுத்து வருவார்கள். இந்தப் பதார்த்தத்துக்குச் சோலெண்ட் என்று பெயர்.

இந்தக் கதையைத் தம் தாயார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்க மின்சாரப் பொறியாளர். கோடைக்காலத்தில் பெரிய அடுப்பை மூட்டி வீட்டையே சூளையாக்காமல், ரொட்டிக்கடை அடுப்பின் மெல்லிய சூட்டை ஒரு சிறு பானைக்குள் கொண்டுவரலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1936-இல் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். 1940-ஆம் ஆண்டு ஜனவரியில் அது கிடைத்தது. 1970-இல் ரைவல் என்ற கம்பெனி அவருடைய நிறுவனத்தை வாங்கி, மறு வருஷம் கிராக்-பாட் என்ற பெயரில் பானையை விற்கத் தொடங்கியது. வீட்டில் ஆளில்லாத பகல் முழுவதும் பானை தானே சமைத்துவிடும் என்பதுதான் அதற்குச் செய்த விளம்பரம். உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கியிருந்த அமெரிக்க ஸ்திரீகள் அதை விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் வில்னாவின் கதி என்ன ஆயிற்று? உரிமைப் பத்திரம் கிடைத்த அடுத்த ஆண்டில், 1941 ஜூன் மாதத்தில், ஹிட்லரின் சேனை அந்நகருக்குள் புகுந்தது. 1944-க்குள் அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். நகருக்கு வெளியே பொனாரி என்னும் காட்டில் ஆயிரமாயிரமாக அவர்களைச் சுட்டுப் புதைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பானை சுமந்து சென்ற கைகளும் போயின. பானைக்காகக் காத்திருந்த குடும்பங்களும் போயின. ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்ன கதை மட்டும் கடல் கடந்து தப்பியது. இன்று எந்த தேசத்தில் எந்த வீட்டில் இந்தப் பானை கொதித்தாலும், அழிந்துபோன ஓர் ஊரின் வழக்கம் அங்கே உயிரோடிருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

இனிப் பக்குவத்துக்கு வருவோம். எலும்போடு கூடிய ஆட்டுத் தோள் 2 கிலோ வாங்கினால் ஆறு பேருக்குப் போதும். மேல்நாட்டில் ஒரு வயதுக்குட்பட்ட செம்மறிக் குட்டியை உபயோகிக்கிறார்கள். நம் நாட்டில் மட்டன் என்று விற்பது பல இடங்களில் வெள்ளாடே; அதில் கொழுப்புக் குறைவு; இருந்தாலும் இம்முறைக்கு நன்றாகவே இசையும். முதல் நாள் இரவே இறைச்சியில் ஆங்காங்கே கத்தி முனையால் கீறி, பூண்டுச் சீவல்களைச் செருகி, மூன்று தேக்கரண்டி உப்பும் மிளகுத் தூளும் தடவிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். ரோஸ்மேரி இலை கிடைத்தால் பூண்டோடு சேர்த்துச் செருகலாம்.

காலையில் அகன்ற இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, இறைச்சியின் எல்லாப் பக்கமும் சிவக்கும்படி பொரித்தெடுங்கள். சோம்பல் கருதி இதை விட்டுவிடுகிறவர்கள் பலர். சுட்ட இறைச்சியின் மணமும் நிறமும் ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் விரைவில் உண்டாகும். 1912-இல் இந்த மாறுதலை விளக்கிய மையார் என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரியின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஸ்லோ குக்கரோ நீர் கொதிக்கும் உஷ்ணத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே அது வேகவைக்குமேயன்றிச் சுடாது. சுடும் வேலையை முன்னதாகவே நாம் செய்து கொடுக்க வேண்டும்.

பானையின் அடியில் கிழங்கு, காரட், தடித்து நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றைப் பரப்புங்கள். கிழங்கு வகைகள் இறைச்சியை விட மெதுவாக வேகுமாதலால் சூட்டுக்கு அருகில் இருப்பது நலம். அவற்றின்மேல் இறைச்சியை வைத்து, பொரித்த சட்டியில் ஒட்டியிருப்பதை ஒரு டம்ளர் தண்ணீரால் கரைத்து ஊற்றி மூடுங்கள். அதற்குமேல் நீர் வேண்டியதில்லை; இறைச்சியே சாறு விடும். குறைந்த சூட்டில் எட்டு முதல் பத்து மணி நேரம். அதிகச் சூட்டில் ஐந்து அல்லது ஆறு மணி. இடையில் மூடியைத் திறக்கவே கூடாது. ஒருமுறை திறந்தால் போன சூட்டைத் திரும்பப் பெறப் பானைக்கு இருபது நிமிஷமாவது பிடிக்கும். வெந்தபின் இறைச்சியை எடுத்துக் கால் மணி ஆறவிட்டு, சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை நீக்கி, அதைச் சுண்டக் காய்ச்சிச் சிறிது எலுமிச்சம்பழம் பிழிந்து மேலே ஊற்றுங்கள்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். உறைந்து கல்லாயிருக்கும் இறைச்சியை இந்தப் பானையில் வைக்கலாகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நோய்க் கிருமிகள் பெருகும். உறைந்த இறைச்சி அந்த எல்லையைக் கடப்பதற்கு வெகு நேரமாகும். வீட்டில் ஒருவருமில்லாத சமயத்தில் மின்சாரம் நெடுநேரம் நின்றுபோயிருந்தால், பண்டம் பார்வைக்கு வெந்ததுபோல் இருந்தாலும் கொட்டிவிடுவதே உத்தமம். சைவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை: ராஜ்மா என்னும் சிவப்பு அவரையைப் பச்சையாக இதில் போடாதீர்கள். அதிலுள்ள நச்சுப் பொருள் இளஞ்சூட்டில் அழிவதில்லை. ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, வேறு நீரில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே பானையில் சேர்க்க வேண்டும்.

இப்போது நமது பழைய கேள்விக்குத் திரும்புவோம். இறைச்சி மிருதுவாவது மட்டுமே லாபமென்றால், பிரஷர் குக்கரே போதும். இந்தப் பானை நமக்குத் தருவது எட்டு மணி நேரம். அந்த நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது? வில்னாவில் பானை வெந்த இரவில் வீடு முழுவதும் ஓய்ந்திருந்தது; எஜமானனுக்குள்ள ஓய்வு பணிப்பெண்ணுக்கும், கொட்டிலில் உள்ள மாட்டுக்கும் உண்டென்பது அவர்களுடைய வேத விதி. வெள்ளிக்கிழமைப் பகலெல்லாம் ஓடியாடி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது. நம் காலத்திலோ, காலையில் பானையை மூட்டிவிட்டு உத்தியோகத்துக்கு ஓடும் பெண், மாலையில் திரும்பி வந்து, பரிமாறி, பாத்திரம் துலக்கி, மறுநாளுக்கு வெங்காயமும் நறுக்குகிறாள். பானைக்குத்தான் நிதானம், அவளுக்கு இல்லை.

1947-இல் தேசம் விடுதலை பெற்றது. நம் வீடுகளில் பலவற்றில் அந்த விடுதலை கூடம் வரையில் வந்து, அடுக்களை வாசற்படியில் தயங்கி நிற்கிறது. யந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனி அவளுக்கு என்ன குறை என்று கேட்கும் கணவன்மார்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான்: யந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தும், அந்த நேரத்தை உரியவருக்குக் கொடுக்க மனிதர்தான் வேண்டும். மேலே சொன்ன பக்குவத்தில் ஓர் ஆண்மகனால் செய்ய முடியாத காரியம் ஏதாவது உண்டா? சனிக்கிழமை இரவு பூண்டு சீவி உப்புத் தடவட்டும். ஞாயிறு காலையில் பொரித்துப் பானையில் இடட்டும். மாலையில் பரிமாறி, பானையையும் அவரே கழுவி வைக்கட்டும். அன்றைப் பகல் முழுவதும் வீட்டு அம்மாள் புஸ்தகம் வாசிக்கட்டும், சினேகிதியைப் பார்க்கப் போகட்டும், அல்லது வெறுமனே படுத்து உறங்கட்டும்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள் நம் பெரியோர். இதுவரை ஆக்கியவளே ஆறவும் பொறுத்து வந்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள மற்றவர்களும் சிறிது பொறுத்துப் பார்க்கட்டும். அன்றைய ஆட்டுத் தோள் கொஞ்சம் உப்புக் கரித்தாலும் பாதகமில்லை.