சர்வகலாசாலையும் பொது ஜனங்களும்

ஆராய்ச்சி செய்யும் பண்டிதர்கள் பொது மேடையில் ஏறிப் பேசுவது அவசியந்தானா என்று சிலர் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்குரிய காலம் அதனால் வீணாகிறது என்பது அவர்கள் கட்சி. கல்கத்தாவில் நிகழ்ந்த ஒரு சரித்திரத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் அந்நகரின் பிரபல வைத்தியர். விஞ்ஞானத்தை இந்தியர்கள் தாமே கற்றுத் தாமே வளர்க்க வேண்டும் என்பது அவருடைய பேரவா. நன்கொடை திரட்டி, 1876-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தை ஸ்தாபித்தார். அவரும் லாபோன் பாதிரியாரும் அங்கே பொது ஜனங்களுக்காகப் பிரசங்கங்கள் நிகழ்த்தினார்கள். ஆயினும், அங்கே ஆராய்ச்சி தழைப்பதைக் காணும் பாக்கியம் சர்க்காருக்குக் கிட்டவில்லை. 1904-ல் மனக்குறையுடனேயே அவர் காலமானார்.

1907-ல் ஸி. வி. ராமன் என்ற தமிழ் இளைஞர் அரசாங்கக் கணக்கு உத்தியோகஸ்தராகக் கல்கத்தா சென்றார். பௌபஜார் வீதியில் இச்சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கண்டார், உள்ளே நுழைந்தார். பட்டம் வழங்கும் கலாசாலையாயிருந்தால், கணக்கு உத்தியோகஸ்தருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள். ஆர்வமுள்ளோர் அனைவருக்கும் ஏற்பட்ட சபையாதலால் கதவு திறந்தது. காரியாலயத்துக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அங்கே ஆராய்ச்சி நடத்தினார். 1928, பிப்ரவரி 28-ந் தேதி அச்சங்கத்தில்தான் 'ராமன் விளைவு' கண்டறியப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு வந்தது. பொது ஜனங்களுக்காகத் திறந்த கதவு, ஆராய்ச்சிக்கே வாசலாயிற்று!

அந்த மேதைக்குப் பிரசங்கம் செய்யப் பொழுதில்லாமல் போகவில்லை. எண்பதாவது வயதிலும், 1968-ல், அகமதாபாத்தில் வானம் நீலமாயிருப்பது ஏன் என்று விளக்கிப் பேசினார்.

இன்று நமது சர்வகலாசாலைகள் பெரும்பாலும் ஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெறுகின்றன. அங்கே நடப்பது என்னவென்று அந்த ஜனங்களுக்குத் தெரிவதில்லை. ஆராய்ச்சியாளர் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில், மற்ற ஆராய்ச்சியாளருக்காகவே. நாளை மானியம் குறைக்கப்பட்டால், அறியாத ஸ்தாபனத்துக்காகப் பரிந்து பேச யார் முன்வருவார்கள்?

பிப்ரவரி 28-ந் தேதி 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் கோலாகலம் போதாது. ஒவ்வொரு கலாசாலையும் மாதம் ஒரு மாலையாவது ஆராய்ச்சிச் சாலையைத் திறந்து வைத்து, நல்ல தமிழில் விளக்கம் சொல்லட்டும். ஜனங்கள் கேள்வி கேட்கட்டும். அவ்விதம் பேசும் ஆசிரியருக்கு, உத்தியோக உயர்வின்போது அதுவும் ஒரு தகுதியாகக் கணக்கிடப்பட வேண்டும். கேட்க வருகிறவர்களில் இன்னொரு ராமன் இருக்க மாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்?