மூணு பாயாசமும் ரெண்டு மாசச் சம்பள பாக்கியும்

போன வருஷம் ஆகஸ்ட் 15. அப்பாவோட நினைவு நாளும் அன்னிக்குத்தான். தி.நகர்ல ஒரு சந்துக்குள்ள இருக்கிற சின்னக் குழந்தைகள் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு சொல்லியிருந்தேன். இருபத்தஞ்சு பசங்க, வடை பாயாசத்தோட 4,500 ரூபாய். இல்லத்தோட பேர் வேண்டாம். நல்ல மனுஷங்க, அவங்களைச் சந்தி சிரிக்க வைக்கிறது என் நோக்கமில்லை.

போனா, எனக்கு முன்னாடியே ரெண்டு பார்ட்டி ஆஜர். காலையில கொடியேத்திட்டு ஒரு குரூப் கேசரியும் பாயாசமும் கொடுத்துட்டுப் போயிருக்கு. பதினோரு மணிக்கு ஒரு பிறந்தநாள் பார்ட்டி, கேக், மறுபடி பாயாசம். என் இலையில பாயாசம் விழுந்ததும் ஒரு பொடியன் பரிதாபமா நிமிர்ந்து பார்த்தான். "அங்கிள், ஊறுகாய் இருக்கா?"

சிரிச்சுட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்தப்ப சிரிப்பு போயிடுச்சு. அங்கே சமைக்கிற அக்காவுக்கு ரெண்டு மாசமா சம்பளம் போடலையாம். "இதை ஏன் சார் யார்கிட்டயும் கேக்கலை?"ன்னேன். நிர்வாகி ரொம்ப சாதாரணமா சொன்னார்: "சம்பளம்னா யாரும் தரமாட்டாங்க சார். சாப்பாடுன்னா தருவாங்க."

மக்களே, இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு. நம்ம ஊர் சின்னத் தொண்டு நிறுவனங்களோட நிதி திரட்டல் நாறிக்கிடக்கிறதுக்கு இதுதான் காரணம். கொடுக்கிறவனுக்கு எது பிடிக்குமோ அதைக் கேக்கிறாங்க. வேலைக்கு எது தேவையோ அதைக் கேக்கிறதில்லை.

முதல்ல நம்மளைத் திட்டிடறேன். இலையில சோறு விழறதைப் பார்த்தா நமக்குப் புண்ணியம் கண்ணுக்குத் தெரியுது. கரெண்ட் பில்லுல தெரியறதில்லை. "நான் கொடுக்கிற காசு முழுக்கக் குழந்தைங்களுக்கே போகணும், சம்பளத்துக்கு ஒரு பைசா போகக்கூடாது"ன்னு வீராவேசமா பேசறோம். சமைக்கிற அக்கா இல்லாம அரிசி தானா வெந்துடுமா சாமி?

2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு பொங்கி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பக்கமெல்லாம் தண்ணி புகுந்தப்ப, நானும் ஒரு மூட்டை பழைய துணியைத் தூக்கிக்கிட்டு ஒரு முகாமுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஆள் உயரத்துக்குத் துணி. ஒரு அம்மா கேட்டாங்க: "பாய் இருக்காப்பா? பொம்பளைப் புள்ளைங்களுக்கு நாப்கின் இருக்கா?" ரெண்டும் இல்லை. என் அலமாரி காலியானதுதான் மிச்சம்.

சரி, இப்ப நிறுவனம் நடத்துறவங்க பக்கம் வர்றேன். கோவிச்சுக்காதீங்க.

"ஜனங்க மனசு அப்படி, நாங்க என்ன சார் பண்றது"ன்னு சொல்றீங்களே, அடையாறு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்குன்னே தனி ஆஸ்பத்திரி வேணும்னு ஊர் ஊரா கேட்டவர். கேன்சர்னாலே சாவுதான், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு நினைச்ச காலம். போட்டோவுக்கு அழகா நிக்கிற விஷயமா அது? பாயாசம் ஊத்த முடியுமா? ஆனா அவங்க வேற ஏதோ ஒண்ணைச் சொல்லிப் பணம் கேக்கலை. கேன்சர் ஆஸ்பத்திரின்னே கேட்டாங்க. 1952-ல நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல 12 படுக்கையோட ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல காலமாகிற வரைக்கும் அங்கேயே இருந்தார்.

கூச்சப்படாம தேவையைச் சொன்னாங்க. அவ்வளவுதான் ரகசியம்.

நம்மாளுங்க என்ன பண்றாங்க? மயிலாப்பூர்ல சபா ஹால் பிடிச்சு "நிதி திரட்டும் இன்னிசை". எம்.எஸ். அம்மா கச்சேரி பண்ணி எத்தனையோ நல்ல காரியத்துக்கு நிதி சேர்த்தாங்க, 1974-ல மகசேசே விருதே பொதுச்சேவைக்காகத்தான் கிடைச்சது, எல்லாம் வாஸ்தவம். ஆனா உங்க மேடையில எம்.எஸ். இல்லையே சார்! ஹால் வாடகை, மைக் செட், பொன்னாடை, மலர் அச்சடிக்கிற செலவு எல்லாம் போனா மிஞ்சறது என்ன? நான் கூடமாட ஓடின ஒரு நிகழ்ச்சியில மிஞ்சினது, விற்காத நூறு மலர்.

அது இல்லைன்னா சி.எஸ்.ஆர். கனவு. பெரிய கம்பெனிங்க சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும்னு 2014-லேர்ந்து சட்டம் இருக்குதான். ஆனா 2021 ஏப்ரல்லேர்ந்து அந்தப் பணத்தை வாங்கணும்னா தனியா பதிவு பண்ணணும், மூணு வருஷ அனுபவத்தைக் காட்டணும், அப்புறம் அவங்க கேக்கிற அறிக்கை எல்லாம் கொடுக்கணும். ஒரு சமையலக்கா, ஒரு வார்டன், ஒரு பார்ட் டைம் கணக்கர் இருக்கிற இடம் இதுக்காக ஆறு மாசம் அலைஞ்சா, பசங்களை யார் பார்க்கிறது?

வரிச்சலுகைத் தூண்டிலும் இப்ப பழைய மாதிரி மீன் பிடிக்காது. 2023-24-லேர்ந்து புது வரி முறைதான் இயல்பானது, அதுல இருக்கிறவங்களுக்கு நாம 80ஜின்னு சொல்ற கழிவு கிடையாது. பழைய முறையில இருக்கிறவங்களும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கழிவு இல்லை. 2021-22-லேர்ந்து வெறும் ரசீதும் பத்தாது. நிறுவனம் வரித்துறைக்கு நன்கொடைக் கணக்கு தாக்கல் பண்ணி, அதுல வர்ற சான்றிதழைக் கொடுக்கணும். இதைக்கூடச் செய்யாம அடுத்த வருஷம் மறுபடி போன் பண்ணிக் கேட்டா எவன் தருவான்?

அப்ப என்னதான் வழின்னா, ரொம்பச் சின்ன வழி.

தெருவுல ஆரம்பிங்க. நூறு வீடு, மாசம் 300 ரூபாய், யு.பி.ஐ.யில. மாசம் 30,000, வருஷத்துக்கு 3,60,000. அந்தக் காலத்துல தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைப்பாங்களே, அதேதான். ஒரு நாள் மூட்டை கொடுக்கிறவன் மறந்துடுவான். பிடி அரிசிக்காரன் மறக்கமாட்டான்.

கேக்கிறதை உடைச்சுக் கேளுங்க. வாடகை இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, காஸ் இவ்வளவு, துண்டு இவ்வளவுன்னு ஒரே பக்கத்துல எழுதி வாசல்ல ஒட்டுங்க. "எல்லாம் ஏமாத்துப் பேர்வழிங்க"ன்னு சொல்றவன் வாயை அந்த ஒரு பக்கம் அடைக்கும். அப்பவும் அடையலைன்னா அவன் எப்பவும் தரப்போறதில்லை, விடுங்க.

ஆகஸ்ட் 15-க்கு நாலாவது ஆள் போன் பண்ணினா, "அன்னிக்கு வேணாம் சார், ஜூன் மாச கரெண்ட் பில் கட்டறீங்களா"ன்னு சொல்ற தைரியம் வரட்டும். ரெண்டு பேர் கோவிச்சுப்பாங்க. மூணாவது ஆள் கட்டுவான்.

வாங்கினதுக்கு அப்புறம் ஒரு வரி சொல்லுங்க. கண்ணீர்க் கதை வேண்டாம், குழந்தைங்க முகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்புல சுத்தவிடவும் வேண்டாம். "அக்காவுக்கு 5-ம் தேதி சம்பளம் போட்டாச்சு" போதும்.

அந்த அக்காவைப் பத்திச் சொல்லி முடிச்சுடறேன். செப்டம்பர்ல வேலையை விட்டுட்டாங்க. மாம்பலத்துல ஒரு மெஸ்ல சேர்ந்துட்டாங்களாம். பதினோரு வருஷம் அந்தப் பசங்களுக்குச் சமைச்சவங்க, யாருக்குக் காரம் ஆகாதுன்னு மனப்பாடமாத் தெரிஞ்சவங்க. ஊறுகாய் கேட்ட பொடியன் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலைன்னு நிர்வாகி சொன்னார். ஒரே நாள்ல வந்த மூணு பாயாசத்தோட காசு இருந்திருந்தா ஒரு மாசச் சம்பளமாவது தேறியிருக்கும். அதுல ஒரு பாயாசம் என்னோடது.

இப்ப நானும் ரெண்டு ஒண்ணுவிட்ட தம்பிங்களும் சேர்ந்து புது அக்காவோட சம்பளத்துல பாதியை மாசாமாசம் அனுப்பறோம். அப்பாவுக்குப் பாயாசம் வீட்டுல வைக்கிறோம்.

டிஸ்கி: நீங்க காசு கொடுக்கிற இடத்துல சமைக்கிறவங்க பேர் தெரியுமா? தெரியலைன்னா கேட்டுட்டு வந்து பின்னூட்டம் போடுங்க. சண்டையை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம் :-)