ஊரில் ரசாயன ஆலை: பஞ்சாயத்தின் எதிர்ப்பும் நம் பெற்றோரின் உடல்நலமும்



வழக்கமாக இந்தப் பகுதியில் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வெயில் காலத்து நீரிழப்பு என்று எழுதி வருகிறோம். இம்முறை சற்று விலகிப் போகிறோம். அதற்குக் காரணம், ரோலாவில் நம்மிடம் வைத்தியம் பார்க்க வந்த ஓர் அன்பர் கேட்ட கேள்வி.

பிரஷர் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. "டாக்டர், ஊர்ல அஞ்சு சென்ட் வாங்கி வீடு கட்டியிருக்கேன். அப்பா, அம்மா அங்கேதான் இருக்காங்க. இப்போ ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல கெமிக்கல் கம்பெனி வரப்போகுதாம். வேண்டாம்னு பஞ்சாயத்துல தீர்மானம் போட்டிருக்காங்க. இதெல்லாம் அரசியல்தானே டாக்டர்?" என்று கேட்டார். இத்தனைக்கும் அவர் இங்கே வேலை பார்ப்பது ஒரு ரசாயனத் தொழிற்சாலையில்.

அரசியல் கலந்திருக்கலாம். எந்தத் தீர்மானத்தில்தான் அரசியல் இல்லை? ஆனாலும் இப்படிப்பட்ட எதிர்ப்பை அரசியல் என்று ஒதுக்கியதற்கு நம் நாட்டில் கொடுத்த விலை பெரிது. ஆலை வருவதற்கு முன் உள்ளூர் நிர்வாகம் எழுப்பும் கேள்வியை ஒரு தடுப்பு மருந்தாகவே நாம் பார்க்கிறோம். நோய் வந்த பிறகு தடுப்பூசி போட்டுப் பயனில்லை.

போபாலை எடுத்துக்கொள்வோம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது பலருக்குத் தெரியாது. 1975இல் அந்நகர நிர்வாகப் பொறுப்பில் இருந்த எம்.என். புச் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, பூச்சிக்கொல்லி ஆலையைக் குடியிருப்புகளை விட்டுத் தள்ளிக் கொண்டுபோகும்படி யூனியன் கார்பைடு நிறுவனத்திடம் கேட்டார். சில காலத்தில் அவர் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். ஆலை அங்கேயே இருந்தது. மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளை அங்கேயே தயாரிக்கும் பிரிவும் 1980இல் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பொருள் சுமார் 40 டன் அளவுக்கு வாயுவாகக் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்.

மருத்துவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு வேதனை உண்டு. அன்றிரவு ஹமீதியா வைத்தியசாலையில் கண் திறக்க முடியாமலும் மூச்சு வாங்கியும் வந்தவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கு, கசிந்தது என்ன வாயு என்றே தெரியாது. பெயர் தெரியாத நஞ்சுக்கு எந்த மருந்தைக் கொடுப்பது? அந்த ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் அப்புறப்படுத்தப்பட்டது. அதை எரிக்கக் கொண்டுபோன பீதம்பூரிலும் மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள்.

அடுத்தது நம் வாசகர்கள் பலருக்கும் சொந்த ஊர் விஷயம். தூத்துக்குடி தாமிர உருக்காலை முதலில் வரவிருந்தது மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரியில். மாம்பழ விவசாயிகளும் மீனவர்களும் அங்கே எதிர்த்தார்கள். 1993 ஜூலையில் மாவட்ட ஆட்சியர் கட்டுமானத்தை நிறுத்தும்படி எழுதினார். ஆலை அங்கிருந்து கிளம்பியது. 1994 அக்டோபரில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரம் வளர்க்க வேண்டும் என்று முதலில் விதித்த நிபந்தனை, அதே ஆண்டில் 25 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

பிறகு நடந்தவை வழக்கு, வாயுக் கசிவு, மூடல், திறப்பு என்று நீண்டன. 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. 2018 மே 22 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆறு நாட்களில் தமிழக அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ரத்னகிரியில் கட்டிட வேலை நடக்கும்போதே முடிந்துபோன ஒரு விஷயம், தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகள் இழுத்தது. வேலையை நம்பி இருந்த தொழிலாளர்களும் கடைசியில் வேலையிழந்து நின்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

"தொழிற்சாலை வராவிட்டால் பிள்ளைகளுக்கு வேலை எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலை தேடிக் கடல் கடந்தவர்கள் நாம். ருவைஸிலும் ஜுபைலிலும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் ரசாயன ஆலைகளில் உழைத்துத்தான் ஊரில் வீடு கட்டினார்கள். ஆகவே ரசாயன ஆலையே கூடாது என்று சொல்ல நமக்கு வாய் வராது.

ஆனால் அந்த அன்பரிடம் நாம் திருப்பிக் கேட்டது இதுதான். "உங்கள் கம்பெனியில் முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" அவர் கடகடவென்று ஒப்பித்தார். எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது, அது உடம்பில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய பாதுகாப்புத் தகவல் தாள். வாயு கசிந்தால் கத்தும் கருவி. சைரன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிக்குழாய். எல்லோரும் வந்து கூட வேண்டிய இடம். வருடா வருடம் ஊதச் சொல்லும் நுரையீரல் பரிசோதனை. "சரி, ஊரில் அந்த ஆலை வந்தால் வேலிக்கு வெளியே இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இதில் எது கிடைக்கும்?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

பஞ்சாயத்து கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

மருத்துவ ரீதியாக இது ஏன் முக்கியம் என்று சொல்கிறோம். குளோரின், அமோனியா போன்றவை உடனே கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஆள் விலகி ஓடிவிடுவார். ஃபாஸ்ஜீன் போன்றவை முதலில் பெரிய தொல்லை தராது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பெயர் தெரியாத மருத்துவர், "ஒன்றுமில்லை" என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடும். அவரை வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது பெயர் தெரிந்தால்தான் புரியும். ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், குழந்தைகள், வயதானவர்கள் முதலில் விழுவார்கள். ஊரில் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

மெதுவாக வரும் கேடுகள் வேறு. பென்சீனால் வரும் இரத்தப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டலாம். அப்போது, "இது முன்பே இருந்தது" என்று ஒரு தரப்பும், "ஆலையால்தான் வந்தது" என்று மறு தரப்பும் வாதாடும். முன்பு எப்படி இருந்தது என்ற பதிவேடு இல்லாவிட்டால் யாராலும் நிரூபிக்க முடியாது. தூத்துக்குடியில் ஆலை இயங்கத் தொடங்கிச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்தே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி சுற்றுவட்டார மக்களிடையே பெரிய ஆய்வு நடத்தியது. ஆலைக்கு முந்திய கணக்கு இருந்திருந்தால் எத்தனை வாதங்கள் தேவையற்றுப் போயிருக்கும்!

சரி, இங்கிருந்து நாம் என்ன செய்ய முடியும்? சிலவற்றைச் செய்யலாம்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இத்தகைய பெரிய ஆலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாட்களுக்கு முன் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். சில வகைத் திட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு; நம் ஊர்த் திட்டம் எந்த வகை என்பதை முதலில் விசாரியுங்கள். நேரில் போக முடியாதவர்களும் அக்கறையுள்ளவர்கள் என்ற முறையில் எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம். ஷார்ஜாவிலிருந்து எழுதினாலும் கடிதம் கடிதமே.

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பெற்றோர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் அவர்கள் அதன் உறுப்பினர்கள். இங்கே பள்ளி விடுமுறையில் நாம் ஊருக்குப் போகும் சமயத்தில்தான் ஆகஸ்ட் 15 கிராம சபையும் வருகிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். "வேண்டாம்" என்ற ஒரு வரித் தீர்மானத்தோடு நிற்காமல், கேள்விகளையும் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். என்னென்ன ரசாயனங்கள், எவ்வளவு டன் சேமிப்பில் இருக்கும்? அவற்றின் பெயரும் முறிவு மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கப்படுமா? கசிந்தால் ஊருக்குச் சைரன் உண்டா, ஓட வேண்டிய பாதை எது? ஆலை வருமுன் கிணற்று நீரையும் மக்களின் நுரையீரலையும் சோதித்துப் பதிவு செய்வார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராதவரை பஞ்சாயத்து மறுப்பதில் தவறில்லை என்பதே நம் கருத்து.

உங்களில் ரசாயன ஆலையில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் உங்களுக்குத் தெரியும். அதைத் தமிழில் எளிமையாக எழுதி உங்கள் பஞ்சாயத்துத் தலைவருக்கு அனுப்பி வையுங்கள்.

இதை எழுதும் நாம் போரினால் ஊரை இழந்து, அகதியாய்க் கடல் கடந்து, பிறகு படித்து மருத்துவரானவர்கள். திரும்பிப் போக ஓர் ஊர் இருப்பது எத்தனை பெரிய செல்வம் என்பது நமக்குத் தெரியும். உங்களுக்கு அது இருக்கிறது. அங்கே நீங்கள் திரும்பும் நாளில் கிணற்று நீரைத் தயங்காமல் அள்ளிக் குடிக்க முடிய வேண்டும்.

அந்த அன்பர் வீட்டை விற்கவில்லை. கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். அடுத்த முறை பிரஷர் பார்க்க வரும்போது கேட்க வேண்டும்.