பிள்ளை வளரும்வரை பொறுக்கலாமா?

தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களில் குழந்தை பிறந்த செய்தி லயத்தை எட்டியதும் எழும் முதல் வினாவை நாம் அனைவரும் அறிவோம்: ஆணா, பெண்ணா? தாய் நலமா என்பதுகூட அதற்குப் பின்னர்தான். ஆனால், மருத்துவமாது உடனே விடை கூற இயலாத பிறப்புகளும் உண்டு. உறுப்பின் தோற்றம் இரண்டுக்கும் இடைப்பட்டதாக அமைந்துவிடுகிறது. இவர்களை இடைப்பால் குழந்தைகள் என்பர். இஃது எவர் செய்த பாவமுமன்று. கருவளர்ச்சியில் குரோமோசோமாலும் ஹோர்மோனாலும் நேரும் வேறுபாடு. இரு பாலுள் அடங்காதோரைக் குறிக்கும் சொற்கள் எம்முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியரே ஆராய்ந்திருக்கிறார்.

இத்தகைய குழந்தைகளை விரைவாக ஒரு பாலாகத் திருத்திவிட வேண்டும் என்பதே வைத்திய உலகின் வழக்கமாக நெடுங்காலம் இருந்தது. சிறுவயதிலேயே வளர்க்கும் முறையால் ஒருவரின் பால் அமைந்துவிடும் என்று அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பணிபுரிந்த ஜோன் மணி என்னும் உளவியலறிஞர் கூறினார். கனடாவில் 1965இல் பிறந்த டேவிட் ரைமர் இடைப்பால் குழந்தையல்லர். சிகிச்சையில் நேர்ந்த விபத்தால் உறுப்பை இழந்த ஆண் குழந்தை. மணியின் அறிவுரைப்படி அவரைப் பெண்ணாக வளர்த்தனர். பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் அவர் ஆணாகவே வாழத் தலைப்பட்டார். 38ஆம் வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கதையோ பல்லாண்டுகள் வெற்றிக்குச் சான்றாகவே கற்பிக்கப்பட்டு வந்தது!

2015இல் மோல்ட்டா நாடு இத்தகைய சத்திரசிகிச்சைகளைச் சட்டத்தால் தடுத்தது. நமக்கு அண்மையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22ஆம் நாள் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வழக்கு, ஒரு திருநங்கையின் திருமணப் பதிவைப் பற்றியது. அதனூடே நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் இக்குழந்தைகளையும் நினைவுகூர்ந்தார். பெற்றோரின் சம்மதம் பிள்ளையின் சம்மதமாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு தடையாணை பிறப்பித்தது. உயிராபத்து நேரும் நிலை மட்டும் அதற்கு விலக்கு.

இவ்விலக்கை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அட்ரீனல் சுரப்பிக் கோளாறுடன் பிறக்கும் சில குழந்தைகள் சில வாரங்களுக்குள் உடலின் உப்பை இழந்து இறந்துவிடக் கூடும். அங்கே வைத்தியர் சொல்வதே வேதவாக்கு; ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஆயின், அங்கு உயிரைக் காப்பது மருந்து. உறுப்பின் தோற்றத்தைத் திருத்தும் கத்திக்கு அந்த அவசரம் இல்லை.

நம் நாட்டில் 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற வழிவகுத்தது. அது தம் விருப்பத்தைத் தாமே சொல்லக் கூடியோருக்கானது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அதில் இடமில்லை.

பெற்றோரை நாம் குறை கூறவில்லை. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழும் லயத்தில் எதை மறைக்க முடியும்? ஊர் வாய்க்கு அஞ்சியே பலர் ஒப்பமிடுகின்றனர். எனினும், ஆண் பெயரோ பெண் பெயரோ இட்டு வளர்ப்பதற்குச் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை; பிற்காலத்தில் பெயரை மாற்றலாம், வெட்டியதை ஒட்ட இயலாது. ஆகவே தாய் வைத்தியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: “ஐயா, இதை இன்று செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா? அல்லது பிள்ளை வளரும்வரை பொறுக்கலாமா?” பொறுக்கலாம் என்றால், பத்திரத்தில் கையெழுத்திடாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வீடு திரும்பலாம்.